ஐப்பசியில் மையவாடிக்குள் ஜேசிபி வேண்டாம்

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், தேவாலயப் பங்குப் பேரவையினருக்கும், மயானங்களைப் பராமரிக்கும் ஊராட்சி, நகராட்சிப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

புரட்டாசி பிறந்துவிட்டால் ஜமாஅத் கூட்டத்திலும் பங்குப் பேரவையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் தவறாமல் ஒரு பேச்சு வரும். மழைக்கு முன்னால் மையவாடியை, அதாவது அடக்கத்தலத்தை, சுத்தம் பண்ணிவிட வேண்டும் என்பார்கள். அடுத்த வாரமே ஜேசிபி வந்து நிற்கும். மதிலோரப் புதர், முள், கொடி, சருகு எல்லாம் அரை நாளில் ஒரு மூலையில் குவியும். சாயங்காலம் அதற்குத் தீ வைப்பார்கள். செய்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். அடங்கியிருப்பவர்களுக்குக் காட்டும் மரியாதை என்றே நினைத்துச் செய்கிறார்கள். என் வாப்பாவும் உம்மாவும் அப்படி ஒரு மையவாடியில்தான் அடங்கியிருக்கிறார்கள். அதனால் அந்த மரியாதையின் அருமை எனக்கும் தெரியும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த வேலையை ஆடி மாதத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். புரட்டாசி முதல் தேதியிலிருந்து கார்த்திகை கடைசி வரை, அதாவது செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை, மையவாடியிலும் கல்லறைத் தோட்டத்திலும் மயானத்திலும் புதரை வெட்ட வேண்டாம், சருகை எரிக்க வேண்டாம். வடக்கிலிருந்து வலசை வரும் சிறு பறவைகள் அந்த மூன்று மாதத்தில்தான் அங்கே வந்து இறங்குகின்றன.

நம் மாவட்டத்துப் பறவைகள் என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் நமக்கும் நினைவுக்கு வருவது கண்மாய்களும் கடலும்தான். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இல் சேர்ந்தன. அதே 2025 ஜூன் மாதம் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்றே ஒரு சரணாலயம் அறிவித்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. இவ்வளவும் நமக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் இவை எல்லாமே நீர்ப்பறவைகளுக்கும் கடற்பறவைகளுக்கும் கடல்வாழ் உயிர்களுக்கும் கிடைத்த பாதுகாப்பு. நாரைக்கும் பூநாரைக்கும் உல்லானுக்கும் இடம் இருக்கிறது. மரத்திலும் புதரிலும் சருகுத் தரையிலும் இரை தேடுகிற கைக்குள் அடங்கும் பறவைகளுக்கு இந்தக் கடற்கரையில் யார் இடம் ஒதுக்கினார்கள்? யாரும் இல்லை. அவை தாமாகவே கண்டுபிடித்துக்கொண்ட இடம் நீங்கள் பராமரிக்கிற மையவாடி.

யார் யார் வருகிறார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் கிளம்பும் பறவை. முதுகு பச்சை, வயிறு மங்கிய மஞ்சள், வாலடியில் குங்குமச் சிவப்பு, இறக்கையில் பளிச்சென்று ஒரு நீலம். இவ்வளவு நிறம் இருந்தும் கண்ணில் படாது. தரையில் தத்தித் தத்திப் போய்ச் சருகைப் புரட்டிப் புழுபூச்சி தின்னும். சருகு இல்லாத தரையில் அதற்குச் சாப்பாடு இல்லை. அக்டோபர் மாதத்து விடியற்காலையில் திண்ணையிலோ கார் ஷெட்டிலோ மசூதித் தண்ணீர்த் தொட்டியான ஹவுளுக்குப் பக்கத்திலோ நிறம் நிறமாக ஒரு பறவை மிரண்டு உட்கார்ந்திருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கிளி என்று நினைத்துக் கூண்டில் போட்டவர்களும் உண்டு. இரவு முழுக்கப் பறந்து களைத்து, விளக்கைப் பார்த்துத் திசை மாறி விழுந்த ஆறுமணிக்குருவியாகத்தான் அது இருக்கும்.

அடுத்து கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். கிழக்கு சைபீரியா, சீனா, கொரியா பக்கம் கூடு கட்டுகிற பறவை. கபர்களுக்கு, அதாவது சமாதிகளுக்கு, இடையே மர நிழலில் நடந்துகொண்டே பூச்சி பொறுக்கும். பழுப்புக் கீச்சானும் வடக்கு ஆசியாவிலிருந்து வருவதுதான். செப்டம்பரிலேயே வந்து, ஒரு முள்மரத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, வேறொரு கீச்சான் கிட்டே வந்தால் கரகரவென்று கத்தி விரட்டும். குளிர்காலத்தைக் கழித்த அதே இடத்துக்கு மறு வருடமும் தேடி வருகிற பறவை இது. சென்ற வருடம் அது உட்கார்ந்த உடைமரத்தை இந்த வருடம் நாம் வெட்டியிருந்தால், சைபீரியாவிலிருந்து வந்து வெறும் மதிலில்தான் உட்கார வேண்டும்.

பச்சைக் கதிர்க்குருவியின் எடை பத்து கிராமுக்கும் குறைவு. இமயத்தைத் தாண்டி நம் ஊர் வேப்பமரத்துக்கு வந்துவிடுகிறது. பிளித் நாணல் கதிர்க்குருவி புதருக்குள் இருந்து ‘ட்செக், ட்செக்’ என்று நாக்கைச் சுண்டுவது போலக் கூப்பிடும், ஆளைக் காட்டாது. மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான், நீலவால் பஞ்சுருட்டான், செந்தலைப் பூங்குருவி, கொண்டலாத்தி என்று இன்னும் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றையும் இங்கே எழுதினால் மடல் நீண்டுவிடும். நேரில் வாருங்கள், ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன்.

இவை ஏன் நம் கரையில் வந்து குவிகின்றன என்றால், இதற்கு மேல் தரை இல்லை. சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை பறக்கும். வாடைக்காற்று திரும்பியதும் அதன் போக்கிலேயே தெற்கே வருகின்றன. விடியும்போது கீழே பார்த்தால் பாக் நீரிணை ஒரு பக்கம், மன்னார் வளைகுடா இன்னொரு பக்கம். இலங்கைக்குப் போகிறவை கடலைத் தாண்டும் முன் எங்காவது இறங்கி ஒரு நாளோ இரண்டு நாளோ தின்று கொழுப்புச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். தெம்புள்ள பறவைக்கு அது பெரிய தூரம் இல்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பிறகு, மழையில் நனைந்து, எதிர்க்காற்றில் மாட்டிய பறவைக்கு அதுவே பெரிய தூரம். வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்கிற நாட்களில் படகுகள் கடலுக்குப் போவதில்லை. அதே நாட்களில்தான் பறவைகளும் கரையிலேயே தங்கிவிடுகின்றன.

சரி, கரை இவ்வளவு நீளம் கிடக்கிறதே, மையவாடியில்தான் இறங்க வேண்டுமா? தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று போய், இந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று நீங்களே மனதில் ஒருமுறை நடந்து பாருங்கள். உப்பளம், இறால் பண்ணை, மணல், வீட்டு மனைக்கல் நட்ட பொட்டல், மீதி இடமெல்லாம் சீமைக்கருவேல். பழைய வேம்பு, பூவரசு, புளி, ஆல், உடை, உகாய் எல்லாம் ஒரே வளாகத்தில் நின்று, அடியில் முட்சங்கும் இலந்தையும் சூரையும் அடர்ந்து, பல வருடத்துச் சருகு கிடக்கிற இடம் எது? பள்ளிவாசலை ஒட்டிய மையவாடி, தேவாலயத்தைச் சேர்ந்த கல்லறைத் தோட்டம், ஊருக்கு ஒதுக்குப்புறமான மயானம். மையவாடி வக்ஃபு நிலம் என்பதால் விற்க முடியாது. பயத்தாலும் பக்தியாலும் யாரும் மரத்தில் கை வைப்பதில்லை. மதில் இருப்பதால் ஆடுமாடு அதிகம் நுழைவதில்லை. ஊர்ச் சத்தம் உள்ளே வருவதில்லை. பறவைகளுக்காக யாரும் திட்டம் போடவில்லை. நம் முன்னோர்கள் அடக்கத்துக்காக ஒதுக்கிய நிலம் நூற்றாண்டுக் கணக்கில் பறவைகளுக்கும் உதவியிருக்கிறது.

இது நமக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தை ஒட்டி மவுண்ட் ஆபர்ன் என்றொரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 1831-இல் தொடங்கியது. சுற்றிலும் கட்டடமாகிப்போன அந்தப் பகுதியில் வலசைப் பறவைகள் இறங்கும் பச்சைத் தீவு அதுதான். வசந்த காலத்தில் விடிந்ததும் வாசலில் பைனாகுலரோடு ஆட்கள் நிற்பார்கள். அமெரிக்கப் பறவையியலின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் புரூஸ்டரும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நியூயார்க் புரூக்ளினில் 1838-இல் தொடங்கிய கிரீன்-வுட் கல்லறைத் தோட்டத்திலும் அப்படித்தான். செப்டம்பர், அக்டோபரில் வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் பறவைகளைப் பார்க்க அங்கே வருகிறார்கள், நிர்வாகமும் அனுமதிக்கிறது. இறந்தவர்களின் உறவினர்களும் பறவை பார்ப்பவர்களும் ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாமல் அந்த இடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அங்கே நடப்பது இங்கேயும் நடக்க முடியும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் தங்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. பிள்ளைகளுக்கு வெடி என்றால் எவ்வளவு ஆசை! அதையே ஒரு ஊர் பறவைக்காக விட்டுக்கொடுத்திருக்கிறது. நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். சுத்தம் செய்யும் தேதியை மட்டும் மாற்றச் சொல்கிறேன்.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் கரையில் ஒரு மையவாடி. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. அதன் வடக்கு மதிலோரம் இலந்தையும் முட்சங்கும் பின்னிக்கிடக்கும். ஒவ்வொரு அக்டோபரும் நான் ஆறுமணிக்குருவியைத் தேடிப் போகிற இடம். ஒரு வருடம் இரவு மழை பெய்து விட்ட காலையில் போனேன். ஒரே புதரடியில் மூன்று ஆறுமணிக்குருவிகள், பக்கத்திலேயே ஒரு செந்தலைப் பூங்குருவி, மேலே பூவரசில் மாங்குயில்கள். மறு வாரம் அங்கே ஜேசிபி இறங்கியது. மதில் வரை வழித்துவிட்டார்கள். சாம்பல்மேட்டின் மேல் ஒரு கொடிக்கால் வாலாட்டி மட்டும் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த வேலையை இரண்டு மாதம் முன்னால் செய்திருந்தால், முதல் மழையில் மதிலோரம் மறுபடி துளிர்த்திருக்கும். சருகும் கொஞ்சம் விழுந்திருக்கும். செலவு அதேதான். ஜேசிபி வாடகையும் அதேதான்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். பலர் நேரிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

பாம்பு பயம். இது நியாயமான பயம், அதிலும் இரவில் ஜனாஸா கொண்டுபோகும்போது. அதனால் பாதைகளையும், புதிதாகக் குழி வெட்டும் பகுதியையும், கபர்களைச் சுற்றியுள்ள புல்லையும் எந்த மாதத்திலும் தாராளமாக வெட்டுங்கள். அதை வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். மதிலை ஒட்டிய ஒரு பத்தடியையும், யாரும் போகாத மூலைகளையும் மட்டும் அந்த மூன்று மாதம் விட்டுவிடுங்கள். பறவைகளுக்கு வேண்டியது அந்தப் பத்தடிதான்.

கல்லறைத் திருநாள். நவம்பர் 2 அன்று குடும்பம் குடும்பமாக வந்து பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதற்கு முந்தைய வாரம் தோட்டம் சுத்தமாக இருந்தே ஆக வேண்டும். அந்த வாரமும் வலசைக் காலத்துக்குள்தான் வருகிறது. பங்குத்தந்தையரிடமும் பேரவையினரிடமும் நான் வேண்டுவது: கல்லறைகளைக் கழுவுங்கள், வெள்ளையடியுங்கள், நடைபாதையைக் கூட்டுங்கள். கூட்டிய சருகைக் கொளுத்தாமல் மதிலோர மரத்தடியில் கொட்டிவிடுங்கள். பெரிய வெட்டு வேலை முழுவதையும் ஆடியில் முடித்திருந்தால், அக்டோபர் கடைசியில் இவ்வளவே போதும். நம் மையவாடிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கபர்களுக்குப் போய் துஆ செய்யும் பராஅத் இரவு இப்போது சில வருடங்களாக மழைக்காலம் முடிந்த பிறகுதான் வருகிறது.

சீமைக்கருவேல். இதில் நான் உங்கள் கட்சி. நிலத்தடி நீரைக் குடித்து, நாட்டு மரத்தை வளரவிடாமல் நம் மாவட்டத்தையே மூடிவிட்ட மரம் அது, போகத்தான் வேண்டும். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிப் பொட்டலாக்கிவிட்டு நாட்டு மரம் ஏதும் நடாமல் போனால், இரண்டே வருடத்தில் அதுதான் மறுபடி முளைக்கும். வருடத்துக்கு ஒரு பகுதியாக எடுங்கள். எடுத்த இடத்தில் உகாய், பூவரசு, வேம்பு, புங்கை, உடை நடுங்கள். உகாய்க் குச்சியைப் பல் துலக்கும் மிஸ்வாக்காக நாமும் பயன்படுத்துகிறோம், அதன் பழத்தைப் பறவைகளும் தின்கின்றன. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ விலங்கோ பறவையோ எதைத் தின்றாலும் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்ற நபிமொழி நம் எல்லாருக்கும் தெரியும். கபரின் மேல் பச்சைக் கிளை ஊன்றும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. மையவாடியில் பச்சை நிற்பது நம் மார்க்கத்துக்கு ஒருபோதும் அந்நியமாக இருந்ததில்லை.

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல மையவாடி வாசல்களில் இப்போது ஹைமாஸ்ட் விளக்கு நிற்கிறது. அடக்கம் நடக்கிற இரவில் அது கட்டாயம் தேவை. யாரும் இல்லாத இரவில், விடிய விடிய, வானத்தைப் பார்த்து எரிய வேண்டியதில்லை. இரவில் பறக்கும் பறவைகள் வெளிச்சத்தில் திசை தடுமாறி அதையே சுற்றிச் சுற்றிக் களைத்து விழுகின்றன. கண்ணாடியில் மோதிச் சாகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் இரவு பத்து மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள். அல்லது வெளிச்சம் தரையில் மட்டும் விழுவதுபோல மூடி போடுங்கள். அப்படி விழுந்த பறவை கையில் கிடைத்தால், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டாக மூடி, பூனை எட்டாத இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சோறு ஊட்ட வேண்டாம். பொழுது சாய்கிற நேரத்தில் புதர் பக்கம் திறந்துவிட்டால் பெரும்பாலும் போய்விடும். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்கள் பையன்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அப்புறம், பறவை பார்க்க வருகிறவர்களைப் பற்றி. மையவாடிக்குள் கேமராவும் கையுமாக அந்நியர்கள் நிற்பது உங்களுக்குச் சங்கடம்தான். அதில் உங்கள் பக்கம்தான் நியாயம். பறவை பார்க்கிற எங்கள் தரப்பில் நான் சொல்லக்கூடியது இது. நிர்வாகத்திடம் பெயர் கொடுத்து அனுமதி வாங்காமல் ஒருவரும் உள்ளே வரக்கூடாது. ஜனாஸா வரும்போதும், யாராவது கபரில் நின்று துஆ செய்யும்போதும், குடும்பம் கல்லறையில் கூடியிருக்கும்போதும் வெளியேறிவிட வேண்டும். மனிதர்களைப் படம் எடுக்கக்கூடாது. செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கக்கூடாது. அது களைத்து வந்த பறவையின் தெம்பையும் வீணாக்கும், அந்த இடத்தின் அமைதியையும் கெடுக்கும். கபர் மேல் கால் வைக்கக்கூடாது, டிரோன் கூடவே கூடாது. மீறுகிறவரை நீங்கள் அனுப்பும் முன்பே நாங்களே அனுப்பிவிடுவோம்.

எங்களை ஏன் உள்ளே விட வேண்டும் என்றும் கேட்கலாம். தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. வனத்துறையின் கணக்கெடுப்பும் பெரும்பாலும் வருடத் தொடக்கத்தை ஒட்டித்தான். அந்த நேரத்துக்குள், இலங்கைக்குப் போக வேண்டிய பறவை போய்ச் சேர்ந்துவிடும். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில் சலீம் அலி காலத்திலிருந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விட்டு வலசையைப் பதிவு செய்துவந்திருக்கிறார்கள். அதனால் அந்த முனை வழியாக என்ன போகிறது என்பது உலகத்துக்கு ஓரளவு தெரியும். நம் கரையில் ஐப்பசியில் இறங்கி ஏறுகிற மரப்பறவைகளை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். விடிந்ததும் ஒரு மணி நேரம், ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு. நம் பிள்ளைகளே செய்யலாம். அக்டோபர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள். அன்றைக்குக் காலையில் உங்கள் அனுமதியோடு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளில் பத்துப் பேரை மட்டும், உஸ்தாதோ ஆசிரியரோ ஒருவர் துணையோடு, மதிலோரம் அழைத்துப் போக விரும்புகிறேன். தாத்தாவின் கபர் எங்கே இருக்கிறது என்பதையும் அந்தப் பிள்ளைகள் அன்று தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த கூட்டத்தின் பொருள் வரிசையில் இதைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். முடிவெடுக்க வேண்டியவை மூன்று: பெரிய வெட்டு வேலையை ஆடிக்குள் முடிப்பது, மதிலோரப் பத்தடியைக் கார்த்திகை முடியும் வரை விட்டுவைப்பது, ஆள் இல்லாத இரவில் விளக்கை அணைப்பது. எந்தப் பத்தடி என்று குறித்துக் கொடுக்க எங்களில் யாராவது வந்து சுண்ணாம்புக்கோடு போட்டுத் தருகிறோம். ஆடியில் வெட்டும்போது மரத்தில் கூடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லவும் வருகிறோம். உகாய், பூவரசுக் கன்றுகளையும் நாங்களே கொண்டுவந்து நட்டு, முதல் கோடையில் தண்ணீர் ஊற்றுகிறோம். நாளும் நேரமும் நீங்கள் சொல்லுங்கள்.

பணிவுடன்,
உங்கள் ஜமாஅத் மக்களில் ஒருவன்